தொண்டைக்கு முன்னால் நின்ற கை

புஷ்பவதி அன்று பொழுதுபடும் முன்னரே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொண்ணூற்றேழாம் ஆண்டில் திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் படை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கதையைத் தொடங்கினால், கேட்கிறவர்கள் முடிவு தெரியும்வரை மூச்சு விடமாட்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விலாவில் ஒரு கண்டல் காயம் மட்டும்தான்.

அவள் உள்துறைமுகத்தில், மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுகளுக்கு ரிக்கற் கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வீடு அன்புவழிபுரத்தில். கணவன் யோகலிங்கம் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞர். வாய்க்கால்களையும் மதகுகளையும் தாளில் கோடு கோடாக வரைந்து கொடுப்பதுதான் அவருடைய வேலை. இருவரும் சந்தித்தது ஒரு கராத்தே வகுப்பில். வாசிகசாலை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சின்ன வகுப்பு அது. கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் அதை விடவில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆனால் கராத்தேயில் இருவரும் இரண்டு விதம். யோகலிங்கம் ஒரு போட்டிக்குப் போவதென்றால் எதிராளி யாரென்று முன்கூட்டியே விசாரிப்பார். எந்தக் கால் முன்னே வைப்பான், எதற்குப் பின்வாங்குவான் என்று பார்த்து வைத்து, பென்சிலால் வட்டம் போட்டு அம்புக்குறிகள் வரைவார். அப்படி வரைந்தும் அவர் வென்றது குறைவு. ஆனால் ஒருநாளும் மோசமாக அடிபட்டதில்லை. புஷ்பவதிக்கு இந்தப் படங்கள் ஒன்றும் ஏறாது. நடுவர் தொடங்கச் சொன்னதும் கால் போகும், கை போகும். முடிந்தபின் என்ன செய்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இதைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் நடக்காத கிழமை இல்லை. சண்டை என்பது தலையால் செய்வது என்பார் அவர். யோசித்தால் நான் பிந்திப்போகிறேன் என்பாள் அவள்.

ஒருமுறை அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அவர்கள் பழகிய முறையில் குத்து எதிராளியின் தோலுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். பட்டால் குற்றம். மட்டக்களப்பில் நடந்த ஒரு போட்டியில் புஷ்பவதியின் கை நிற்கவில்லை. எதிரே நின்ற பெண்ணின் முன்பல் உடைந்தது. புஷ்பவதியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். பல் உடைந்த பெண் அழவில்லை. புஷ்பவதிதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் யோகலிங்கம் கூரை வளையிலிருந்து நூலில் ஒரு பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டார். தாள் கிழியாமல், கை அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை, அவள் அந்தத் தாளின் முன்னால் நின்றாள். முதல் மாதங்களில் தாள் கிழிந்துகொண்டே இருந்தது. பிறகு கிழிவது குறைந்தது.

கூட்டிக்கொண்டு போன நாளுக்கு வருகிறேன். அந்தக் கிழமை துறைமுகப் பக்கத்தில் ஏதோ ஒரு சம்பவம் நடந்து, சோதனை கூடியிருந்தது. வழக்கமாக இறங்குதுறையில் நிற்கும் காவல்காரர்களுக்குப் புஷ்பவதியைத் தெரியும். காலையில் தலையசைத்து உள்ளே விடுவார்கள். அவர்களை மாற்றிவிட்டு, வேறெங்கோ இருந்து படையின் பெண்கள் அணியொன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் ஆயுதம் பழகிய அடையாளம் தேடி, வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் புரட்டிப் பார்த்தார்கள்.

புஷ்பவதியின் கையைப் பிடித்த சிறு பெண் அதை விடவில்லை. விரல்களை மடக்கச் சொன்னாள். முட்டி எலும்புகள் தடித்து, தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. சேலையைச் சற்று உயர்த்தச் சொல்லிக் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே பழைய தழும்புகள். கராத்தே என்று புஷ்பவதி தமிழிலும், இறங்குதுறையில் பழகிய சிங்களத்திலும் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள்.

லோஞ்சு ஓட்டுகிற ஸஹாப்தீன் இதைக் கண்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். மூதூர்க்காரர், புஷ்பவதியை வருடக்கணக்காகத் தெரிந்தவர். இவ வேலை செய்யிற ஆள், எனக்குத் தெரியும் என்று சொன்னார். உன் லோஞ்சைப் போய்ப் பார் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். அவர் லோஞ்சைப் பார்க்கவில்லை. சுக்கானை உதவியாளிடம் கொடுத்துவிட்டு, யாருடையதோ ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்ப்பாசன அலுவலகத்துக்கு மிதித்தார்.

முகாம் கிட்டத்தான். இரண்டு பெண்களுக்கு நடுவே புஷ்பவதி நடந்தே போனாள். ஓர் அறையில் கதிரை கொடுத்து இருக்க வைத்தார்கள். பொறுப்பதிகாரியும் ஒரு பெண்தான், நாற்பது வயது இருக்கும். தமிழ் நன்றாகவே பேசினார். குரலை உயர்த்தவில்லை. தேநீர்கூட வந்தது. அதை எடுத்துக் குடிக்கப் புஷ்பவதிக்குத் தைரியம் வரவில்லை. கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குவது தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அம்மா இறக்கக்கண்டிக் கிராமத்தில் இருப்பதையும், தம்பி கட்டாரில் வேலை செய்வதையும் சொன்னாள். தம்பி உண்மையில் கட்டாரில்தானா என்று அதிகாரி வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கடைசியில் கைக்கு வந்தார்.

"கராத்தே எண்டு சொல்றீங்க. காட்டுக்குள்ளயும் கராத்தே படிப்பிக்கிறாங்க தானே."

இயக்கம் காட்டில் பெண்களைப் பழக்குவதைத்தான் அவர் சொன்னார். அது எல்லோரும் கேள்விப்பட்டதுதான். வகுப்பில் தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர் ஒன்றைச் செய்துகாட்டட்டுமா என்று கேட்டாள். அதிகாரி வேண்டாமென்று தலையை ஆட்டினார். அதை யாரும் பாடமாக்கலாம் என்றார். சற்று யோசித்துவிட்டுத் தன் அணியிலிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் பெயர் நிலூகா. படையில் சேருமுன் கொழும்பில் பெரிய போட்டிகளில் கராத்தே ஆடியவள். உயரமானவள், தோள் அகன்றவள்.

"இவளோட ஒருக்காச் செய்து காட்டுங்க. நீங்க எங்க பழகினதெண்டு இவளுக்குத் தெரியும்," என்றார் அதிகாரி.

சேலையுடன் எப்படிச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்குள் யோகலிங்கம் வாசலில் வந்து நிற்பதாகச் செய்தி வந்தது. விஷயத்தைச் சொல்லி அவரையே வீட்டுக்கு அனுப்பி, கராத்தே உடுப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அவர் சைக்கிளில் போய் வந்து, வாசலுக்குக் கூட்டிவரப்பட்ட புஷ்பவதியிடம் வெள்ளை உடுப்பைத் தடுப்புக்கு மேலால் நீட்டினார். பக்கத்தில் காவலாள் நின்றான். பேசக் கிடைத்தது கொஞ்ச நேரம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. சாதாரணமாக வீட்டு விஷயம் சொல்வதுபோல் சொன்னார்.

"கேளும் புஷ்பம். நீர் தோத்திடும். ஆனா பழகின ஆள் எண்டு தெரியோணும். இடப்பக்கமாப் பின்வாங்கும், தடுக்கிறதை வடிவாத் தடும், ரெண்டு அடி வாங்கும். கையை மட்டும் நீட்டாதையும். உம்மட கை பட்டா எல்லாம் முடிஞ்சுது."

"ஓம்," என்றாள் அவள். அவர் சொன்னதில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய திட்டத்தை அப்படியே செய்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனாள்.

வாகனங்கள் நிறுத்தும் கொட்டிலில் இரண்டு ஜீப்புகளை வெளியே எடுத்துவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். சீமெந்துத் தரை. சுற்றிவர ஆட்கள் கூடிவிட்டார்கள், சிலர் துவக்கோடு. நிலூகா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இருவரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்கினார்கள். வணங்கும்போது புஷ்பவதிக்கு ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அந்த வணக்கம் வாசிகசாலை மண்டபத்தில் செய்வது போலவே இருந்தது.

தொடங்கியதும் அவள் இடப்பக்கமாகப் பின்வாங்கினாள். அடுத்து என்ன என்று யோசித்தாள். தடுப்பது. தடுக்கக் கையைத் தூக்குவதற்குள் நிலூகாவின் கால் விலாவில் வந்து தட்டிவிட்டுப் போயிருந்தது. மறுபடியும் பின்வாங்கினாள். கணவரின் வட்டமும் அம்புக்குறிகளும் கண் முன்னால் வந்து நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நிலூகா எங்கே போனாள் என்பது தவறிவிட்டது. இந்தமுறை உதை நன்றாகவே பட்டது. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

தோற்பது என்ற அளவில் எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. ஆனால் நிலூகா நிறுத்திவிட்டு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். சிங்களத்தில் அவள் சொன்னது புஷ்பவதிக்கு விளங்கியது. இவளுக்கு நன்றாகத் தெரியும், வேண்டுமென்று ஒளிக்கிறாள், எதை ஒளிக்கிறாள் என்றுதான் தெரியவில்லை என்றாள்.

அதிகாரியின் முகம் மாறியது. புஷ்பவதி அவரையும் நிலூகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒளிக்காமல் விட்டால் கை பட்டுவிடும். ஒளித்தால் ஒளிக்கிறாள் என்கிறார்கள். இதற்கு என்ன செய்வதென்று யோகலிங்கம் சொல்லித்தரவில்லை. அவளாலும் யோசிக்க ஏலவில்லை.

நிலூகா திரும்பி வந்தாள். இந்தமுறை அவள் வந்த விதம் வேறு. முன்னங்காலால் புஷ்பவதியின் காலை வாரிவிட்டு, இடக்கையால் உடுப்பின் கழுத்தைப் பற்றிக்கொண்டு, வலக்கையை முகத்துக்கு நேரே விட்டாள். நிற்பதற்காக வந்த கை அல்ல அது. படுவதற்காக வந்த கை.

அதன்பிறகு நடந்ததைப் புஷ்பவதியால் ஒருபோதும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வாரப்பட்ட கால் விழாமல் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டது. முகம் விலகியது. இடக்கை நிலூகாவின் குத்தைத் துடைத்துத் தள்ளியது. வலக்கை புறப்பட்டுப் போய்விட்டது. போகிறது என்று அவளுக்குத் தெரிந்தபோது அது போய்ச் சேர்ந்துவிட்டது.

நிலூகாவின் தொண்டைக்குழிக்கு முன்னால் அது நின்றது.

கொட்டிலுக்குள் யாரோ ஒருவன் துவக்கை உயர்த்தும் சத்தம் கேட்டது. நிலூகா தலையைத் திருப்பாமலே ஒரு கையை அவன் பக்கம் தூக்கி, வேண்டாம் என்று காட்டினாள். அவள் எச்சில் விழுங்கினாள். விழுங்கும்போது தொண்டை மேலே எழும்பிப் புஷ்பவதியின் முட்டியில் தொட்டது. அவ்வளவு இடைவெளிதான் இருந்தது.

புஷ்பவதி கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். கணவர் சொன்னதில் ஒன்றையும் கடைசிவரை செய்யவில்லை. அடிபட்டுத் தோற்றுப் போகவும் இல்லை, கையை நீட்டாமல் இருக்கவும் இல்லை.

நிலூகா ஓர் அடி பின்னால் வைத்துக் குனிந்து வணங்கினாள். பிறகு அதிகாரியிடம் போய்ப் பேசினாள். புஷ்பவதி காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். நான் உண்மையாகத்தான் அடித்தேன், என்ன செய்கிறாள் என்று பார்க்க என்றாள் நிலூகா. இவளுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. யோசிக்காமல் செய்ததில் பொய் இருக்காது. கொல்லப் பழகியவள் என்றால் அந்தக் கை நின்றிராது, என் கழுத்து இப்போது உடைந்திருக்கும். இது போட்டிக்காரி, பட்டால் புள்ளி போய்விடும் என்று பழகின கை. கொழும்பில் என்னோடு ஆடியவர்களின் கையும் இப்படித்தான் நிற்கும் என்றாள்.

"நிக்காமப் போயிருந்தா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

நிலூகா தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

அதன்பிறகும் கொஞ்ச நேரம் எடுத்தது. அதிகாரி எங்கெங்கோ தொலைபேசியில் பேசினார். புஷ்பவதி மறுபடியும் அந்தக் கதிரையில் இருந்தாள். ஆறிப்போன தேநீர் அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கை நடுங்கவில்லை. நிலூகா சப்பாத்து நாடாவைக் கட்டியபடி வாசலடியில் இருந்தாள். எத்தனை வருடமாகப் பழகுகிறாய் என்று கேட்டாள். சொன்னதும் தன் கையை மடக்கிப் புஷ்பவதியின் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே இரண்டு எலும்புகள், அதே கறுப்பு. நிலூகாதான் முதலில் சிரித்தாள்.

அதிகாரி வந்து சொன்னார்.

"வீட்ட போங்க. நாளைக்கு வேலைக்கு வாங்க. நான் இறங்குதுறையில சொல்லி வைக்கிறன்."

புஷ்பவதி வெளியே வந்தபோது வெயில் சரிந்திருந்தது. யோகலிங்கமும் ஸஹாப்தீனும் றோட்டோர மதகில் இருந்தார்கள். யோகலிங்கம் எழும்பி வந்தார். ஓடவில்லை, முகாம் வாசலில் ஓடக்கூடாது என்று அந்த நேரத்திலும் அவருக்கு யோசனை இருந்தது. கிட்ட வந்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தோத்தீரோ?"

"இல்லை."

அவர் முகம் வெளிறிப் போனது.

"அப்ப அடிச்சிட்டீரோ?"

"அடிக்கவும் இல்லை."

தோற்காமலும் அடிக்காமலும் ஒருத்தி எப்படி வெளியே வந்தாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். ஸஹாப்தீன்தான் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு புஷ்பவதிக்கும் தொற்றியது. சிரித்தபோது விலா வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

வழியில் ஒரு தேநீர்க்கடையில் ஸஹாப்தீன் இருவரையும் பிடித்து இருத்தினார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஞாபகம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. பணிஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு தின்றபடியே நடந்ததைச் சொன்னாள். யோகலிங்கம் தேநீரைத் தொடவில்லை. ஒவ்வொரு அசைவையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். கால் எந்தப் பக்கம் ஊன்றியது, இடக்கை உள்ளேயா வெளியேயா என்று.

"நீர் எப்பிடி அதை நிப்பாட்டினீர்?" என்று கேட்டார்.

"நான் நிப்பாட்டேல்ல. கைதான் நிண்டது."

தான் சொல்லிக் கொடுத்தது பிழை என்றார் யோகலிங்கம். அதன்படி கடைசிவரை செய்திருந்தால் இன்றைக்கு விட்டிருக்க மாட்டார்கள் என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுக்குச் சந்தோசமாக இருக்க வேண்டும், ஆனால் இருக்கவில்லை. அந்தக் கை தானாக நின்றதென்று சொல்லலாம்தான். அதை நிற்கப் பழக்க ஒரு பத்திரிகைத் தாளைக் கட்டித் தொங்கவிட்டது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தேநீரை எடுத்துக் குடித்தார். ஸஹாப்தீன் கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தட்டுப் பணிஸ் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவதி நேரே கிணற்றடிக்குப் போனாள். வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அப்போதுதான் கைகள் நடுங்கத் தொடங்கின. தோள்வரைக்கும் நடுங்கின. கயிறு வழுகி, வாளி தண்ணீரில் போய் விழுந்து சத்தம் போட்டது. அவள் கிணற்றுக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள். அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை அல்ல. இறுக்கிக் கட்டிய ஒன்று அவிழ்ந்தால் வருவதுபோல் வந்தது.

யோகலிங்கம் வந்து கயிற்றை எடுத்தார். தண்ணீரை அள்ளி அள்ளி அவள் தலையில் ஊற்றினார். கந்தோருக்கு வேலைக்குப் போட்டுப்போன அவருடைய சட்டை முழுக்க நனைந்துபோனது. ஊற்றிக்கொண்டே கதைக்கத் தொடங்கினார். அந்த இரண்டாவது உதைக்கு இடப்பக்கம் போனது பிழை, வலப்பக்கமாக உள்ளே போயிருந்தால் நிலூகாவின் கால் எட்டியிராது, உயரமானவர்களுக்குக் கிட்டப் போவதுதான் சரி என்றார். கையால் காற்றில் வட்டம் போட்டு அம்புக்குறி கீறிக் காட்டினார்.

வேறொரு நாளென்றால் அவள் எதிர்த்துக் கதைத்திருப்பாள். ஆனால் அவர் குரல் நடுங்குவது அவளுக்குக் கேட்டது. இப்படி எதையாவது விளக்கிக்கொண்டிருந்தால்தான் அந்த நடுக்கம் அடங்கும் என்பதும் தெரிந்தது.

"வலப்பக்கம் எப்பிடிப் போறது? சொல்லுங்கோ," என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வாளித் தண்ணீருக்குத் தலையைக் குனிந்தாள்.